பெருக்கம் எவ்வளவு போதும்: வீட்டில் கட்டிய ரிசீவரின் கணக்கும் திருத்தமும்

என் தம்பி மகன் தான் கட்டிய முதல் ரேடியோ ரிசீவரைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். "சத்தம் போதவில்லை, பெரியப்பா. கடைசியில் இன்னோர் ஆம்ப்ளிஃபையர் சேர்த்துவிடலாமா?" என்று கேட்டான். ஹெட்போனை மாட்டிப் பார்த்தேன். அருவிக்கரையில் நிற்பதுபோல் இரைச்சல். அதன் நடுவே ஒரு மோர்ஸ் ஒலி கொசுவின் ரீங்காரம்போல் எழுந்து எழுந்து அமிழ்ந்தது. டயலைத் திருப்பினால் மோர்ஸ் மறைகிறது. ஆனால் ஏதோ ஓர் ஒலிபரப்பு நிலையத்தின் பேச்சு, டயல் எங்கே நின்றாலும் பின்னாலேயே ஓடிவருகிறது. அங்கே சத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. எந்த இடத்தில் எவ்வளவு பெருக்கம் இருக்கிறது என்பதுதான் கட்டியவனுக்கே தெரியவில்லை.

அன்று மாலையும் மறுநாள் முழுவதும் உட்கார்ந்து அந்தப் பெட்டியின் பெருக்கத்தை முதலில் தாளில் கணக்கிட்டோம், பிறகு அளந்தோம், கடைசியில் குறைத்தோம். குறைத்தோம் என்று சொன்னால் புதிதாகக் கட்டுகிறவர்கள் நம்ப மாட்டார்கள். அவனும் நம்பவில்லை. அதனால் எண்களோடு எழுதுகிறேன். உங்கள் பெட்டியின் எண்கள் வேறாக இருக்கும், வழி ஒன்றுதான்.

ரிசீவர் எளிய வகை. 7 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கான நேரடி மாற்ற ரிசீவர். ஆன்டெனாவிலிருந்து இரண்டு காயில் கொண்ட ஒரு ஃபில்டர். அடுத்து எஸ்ஏ612 மிக்ஸர். அது ரேடியோ அலையை, பெட்டிக்குள் டயலோடு திரும்பும் ஆசிலேட்டரின் அலையோடு கலந்து, நேரே காதுக்குக் கேட்கும் ஒலியாக இறக்கிவிடுகிறது. பிறகு ஒற்றை டிரான்சிஸ்டர் முன்பெருக்கி, 10 கிலோ ஓம் வால்யூம், எல்எம்386 என்ற ஆடியோ பெருக்கி ஐசி, ஹெட்போன். 9 வோல்ட் பேட்டரி. இதைவிடச் சிக்கலான சூப்பர்ஹெட் வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு இதேதான், படிகள் மட்டும் கூடும்.

எங்கிருந்து எங்கே போக வேண்டும்

கணக்கைத் தொடங்கும்முன் இரண்டு முனைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முனை, ஆன்டெனாவில் வரக்கூடிய மிக மெல்லிய சிக்னல். மறுமுனை, காதுக்குப் போதுமான அளவு.

முதல் முனைக்கு, சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரின் அளவுகோலையே எடுத்துக்கொள்ளலாம். சர்வதேச அமெச்சூர் ரேடியோ ஒன்றியத்தின் முதல் மண்டலம் 1981-இல் வகுத்த பரிந்துரைப்படி, சிற்றலையில் எஸ்9 என்றால் 50 ஓம் உள்ளீட்டில் 50 மைக்ரோவோல்ட். ஒவ்வொரு எஸ் படியும் 6 டெசிபல், அதாவது மின்னழுத்தம் பாதி. எட்டு முறை பாதியாக்கினால் எஸ்1-க்கு 0.2 மைக்ரோவோல்ட் கிடைக்கும். அதற்குக் கீழே கேட்க ஆசைப்படுவதில் தவறில்லை, 7 மெகாஹெர்ட்ஸில் பயனும் இல்லை. காரணம் பின்னால் வரும்.

மறுமுனை ஹெட்போன். 32 ஓம் ஹெட்போனுக்கு 20 மில்லிவோல்ட் இருந்தால் அமைதியான அறையில் வசதியாகக் கேட்கலாம். இதை நம்பப் பலருக்கு மனம் வராது. அரை வோல்ட்டாவது வேண்டாமா என்பார்கள். ஒரு முறை அளந்து பாருங்கள். அரை வோல்ட்டில் அந்த ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிடுவீர்கள். ஒலிபெருக்கி என்றால் கதை வேறு: 8 ஓம் ஒலிபெருக்கியில் 0.1 வாட் வேண்டுமானால் கிட்டத்தட்ட 0.9 வோல்ட் தேவை.

0.2 மைக்ரோவோல்ட்டை 20 மில்லிவோல்ட் ஆக்க வேண்டும். அது ஒரு லட்சம் மடங்கு. டெசிபலில் 100. ஒலிபெருக்கிக்கு 133.

டெசிபலைக் கண்டு மிரள்கிறவர்களுக்கு நான் சொல்வது மூன்றே எண்கள். மின்னழுத்தம் 2 மடங்கானால் 6 டெசிபல். 3.16 மடங்கானால் 10. பத்து மடங்கானால் 20. மடங்குகளைப் பெருக்க வேண்டிய இடத்தில் டெசிபலைக் கூட்டினால் போதும். 26 டெசிபல் என்றால் 20-உம் 6-உம், ஆகவே 10 × 2 = 20 மடங்கு. 46 டெசிபல் 200 மடங்கு. இதற்குக் கால்குலேட்டர் வேண்டியதில்லை, பென்சில் போதும்.

படிப்படியாகத் தாளில்

நோட்டில் நான்கு கட்டங்கள் போட்டேன். முதல் கட்டம் ஃபில்டர். 50 ஓம் ஆன்டெனாவை மிக்ஸரின் 1500 ஓம் உள்ளீட்டுக்குப் பொருத்த, காயிலில் 6 சுற்றுக்கு 33 சுற்று. 5.5 மடங்கு மின்னழுத்தம், 15 டெசிபல். டிரான்சிஸ்டரே இல்லாமல் கிடைக்கும் பெருக்கம் இது. ஆற்றல் கூடவில்லை, மின்னழுத்தம் மட்டும் கூடியிருக்கிறது. ஃபில்டரின் இழப்புக்கு 5 கழித்தேன். மீதி 10.

இரண்டாவது மிக்ஸர். இந்த வகை ஐசிக்குத் தயாரிப்பாளர் தரும் தாள்களில் 14 முதல் 18 டெசிபல் வரை காணலாம். 17 என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது டிரான்சிஸ்டர் படி. பலரும் தடுமாறும் இடம் இதுதான், ஆகவே சற்று நின்று பார்க்கலாம். டிரான்சிஸ்டரின் பீட்டா, அதாவது மின்னோட்டப் பெருக்கம், 100-ஆ 300-ஆ என்ற கவலையை முதலில் விட்டுவிடுங்கள். பெருக்கத்தைத் தீர்மானிப்பது அதில் ஓடும் மின்னோட்டம். 26-ஐ மில்லியாம்பியரால் வகுத்தால் எமிட்டரின் உள்தடை ஓமில் கிடைக்கும். எங்கள் படியில் கலெக்டர் ரெசிஸ்டர் 4.7 கிலோ ஓம். அதன் இரு முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால் 4.7 வோல்ட் காட்டியது. ஆகவே மின்னோட்டம் 1 மில்லியாம்பியர், உள்தடை 26 ஓம். எமிட்டரில் கெப்பாசிட்டரால் தாண்டப்படாத 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் உண்டு. மொத்தம் 126. மேலே கலெக்டர் பக்கம் 4.7 கிலோ ஓம் என்று எழுதக் கூடாது. அடுத்து வரும் 10 கிலோ ஓம் வால்யூமும் அதற்கு இணையாக நிற்கிறது. இரண்டும் சேர்ந்து 3.2 கிலோ ஓம். 3200-ஐ 126-ஆல் வகுத்தால் 25 மடங்கு, 28 டெசிபல்.

அந்த 100 ஓம் இல்லாவிட்டால் 123 மடங்கு, 42 டெசிபல் வந்திருக்கும். தம்பி மகனின் கண்ணில் ஆசை தெரிந்தது. ஆனால் உள்தடை மின்னோட்டத்தோடு மாறும், பேட்டரி இறங்க இறங்கப் பெருக்கமும் சரியும், பெரிய சிக்னலில் ஒலி நசுங்கும். 100 ஓம் கொஞ்சம் பெருக்கத்தைத் தின்றுவிட்டு மீதியை நிலையாக வைத்திருக்கிறது. நான் அதைத் தொடவிடவில்லை.

நான்காவது எல்எம்386. 1-ஆவது காலுக்கும் 8-ஆவது காலுக்கும் இடையே எதுவும் இல்லையென்றால் 20 மடங்கு, 26 டெசிபல். அங்கே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் மட்டும் இருந்தால் 200 மடங்கு, 46 டெசிபல். கெப்பாசிட்டரோடு தொடராக 1.2 கிலோ ஓம் வைத்தால் 50 மடங்கு, 34 டெசிபல். அவன் வைத்திருந்தது 200. யார்தான் வேறு எதையாவது வைத்திருக்கிறார்கள்?

கூட்டினால் 10 + 17 + 28 + 46 = 101 டெசிபல். தேவை 100. தாளில் கணக்கு அழகாக முடிந்துவிட்டது. தாளோடு நிறுத்துகிறவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம், நாங்கள் அளந்தோம்.

அளக்கத் தேவையான இரண்டு கருவிகள்

அளவு தெரிந்த மெல்லிய சிக்னல் வேண்டும். அதற்கு ஒரு கிரிஸ்டல் ஆசிலேட்டரும், சிக்னலைத் தெரிந்த அளவுக்குக் குறைக்கும் ஓர் அட்டெனுவேட்டரும் போதும். ஆசிலேட்டரைத் தகர டப்பாவுக்குள் பேட்டரியோடு சேர்த்து அடைத்துவிடுங்கள். கம்பி வெளியே வந்தால் சிக்னலும் கூடவே வெளியே வரும். இதை ஆன்டெனாவோடு எந்தக் காரணத்துக்காகவும் இணைக்கக் கூடாது.

ஆசிலேட்டரின் வெளியீட்டில் 50 ஓம் ரெசிஸ்டரைச் சுமையாக வைத்து, ஆசிலோஸ்கோப்பில் உச்சியிலிருந்து பள்ளம்வரை 0.63 வோல்ட் வரும்படி சரிசெய்தால் அது 1 மில்லிவாட், அதாவது 0 டிபிஎம். இந்த எண் மிக வசதியானது. 0 டிபிஎம்மிலிருந்து 73 டெசிபல் குறைத்தால் சரியாக எஸ்9, 50 மைக்ரோவோல்ட். 20, 20, 20, 10, 3 என்று ஐந்து அட்டெனுவேட்டர் படிகள் இருந்தால் 73 கையில்.

ஒவ்வொரு படிக்கும் மூன்று ரெசிஸ்டர், ஒரு இரட்டைத் துருவ சுவிட்ச். 20 டெசிபலுக்கு நடுவில் 240 ஓம், இருபுறமும் தரைக்கு 62 ஓம். 10-க்கு நடுவில் 68, இருபுறமும் 100. 3-க்கு நடுவில் 18, இருபுறமும் 300. கடையில் கிடைக்கும் இந்த மதிப்புகளாலேயே பிழை அரை டெசிபலுக்குள் அடங்கிவிடுகிறது. 60 டெசிபலை ஒரே படியில் செய்யலாமே என்று தோன்றும். செய்தால் சிக்னல் ரெசிஸ்டர் வழியே போகாமல் காற்று வழியே சுவிட்சைத் தாண்டிக் குதித்துவிடும். அதனால்தான் 20-20 ஆகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே தகரத் தடுப்பு வைத்து ஈயத்தால் ஒட்டுகிறோம். கசிவு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: எல்லாப் படிகளையும் உள்ளே போட்டு, ரிசீவருக்குப் போகும் கேபிளைப் பிடுங்கி, அந்தச் சாக்கெட்டில் 50 ஓம் ரெசிஸ்டரைச் செருகிவிடுங்கள். அப்போதும் ஒலி கேட்டால் டப்பாவில் ஓட்டை இருக்கிறது.

ஒலியை அளக்க மல்டிமீட்டர் போதும், ஆனால் மாறுமின்னழுத்தத்தில் 200 மில்லிவோல்ட் அல்லது 2 வோல்ட் வரம்பு உள்ளதாக இருக்க வேண்டும். மிக மலிவான மீட்டர்களில் மாறுமின்னழுத்தத்துக்கு 200 வோல்ட்டுக்குக் கீழே வரம்பே இருக்காது. அவை இங்கே உதவாது. டயலைத் திருப்பி, ஒலியை 500 ஹெர்ட்ஸ் அளவில் வைத்துக்கொள்ளுங்கள். பல மீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேலே போகப் போகக் குறைத்துக் காட்டும்.

முதல் அளவை எடுக்கும்போது எஸ்9 வைக்காதீர்கள். 50 மைக்ரோவோல்ட்டை ஒரு லட்சத்தால் பெருக்கினால் 5 வோல்ட். 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் எல்எம்386 அதைத் தர முடியாமல் தலையை வெட்டிவிடும். நீங்கள் அளப்பது பெருக்கத்தை அல்ல, பேட்டரியை. நாங்கள் மேலும் ஒரு 20 சேர்த்து 93 டெசிபல் குறைத்தோம். 5 மைக்ரோவோல்ட் உள்ளே, எதிர்பார்ப்பு 0.56 வோல்ட் வெளியே. அதோடு ஒரு சோதனையும் செய்யுங்கள்: இன்னும் 10 டெசிபல் குறைத்தால் மீட்டர் 3.16-இல் ஒரு பங்காக இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் எங்கோ ஒரு படி நிரம்பி வழிகிறது, அந்த அளவை நம்பக் கூடாது.

காணாமல்போன 17 டெசிபல்

மீட்டர் 80 மில்லிவோல்ட் காட்டியது. 16,000 மடங்கு, 84 டெசிபல். தாளில் 101.

"நான்தான் சொன்னேனே, பெருக்கம் போதவில்லை" என்றான் அவன். நான் பதில் சொல்லவில்லை, பின்னாலிருந்து தொடங்கினேன். கைப்பேசியில் 500 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பி, 200 மில்லிவோல்ட்டில் வைத்து, 100 கிலோ ஓமும் 51 ஓமும் கொண்டு அதை இரண்டாயிரத்தில் ஒரு பங்காக்கினால் 0.1 மில்லிவோல்ட். அதை மிக்ஸரைப் பிரித்துவிட்டு முன்பெருக்கியின் உள்ளீட்டில் கொடுத்தோம். டிரான்சிஸ்டரும் எல்எம்386-உம் சேர்ந்து 74 டெசிபல், 5000 மடங்கு, 0.5 வோல்ட் வர வேண்டும். 0.49 வந்தது. ஆடியோ பக்கம் குற்றமற்றது. அவன் கடைசியில் சேர்க்க நினைத்த ஆம்ப்ளிஃபையர் அந்தக் குற்றமற்ற பக்கத்தில்தான் வந்திருக்கும்.

மிக்ஸருக்குத் திரும்பினோம். அதன் 6-ஆவது காலில், ஐசிக்கு வெளியே இருக்கும் ரிசீவரின் சொந்த ஆசிலேட்டரிலிருந்து வரும் அலை உச்சியிலிருந்து பள்ளம்வரை குறைந்தது 200 மில்லிவோல்ட் இருக்க வேண்டும். ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் 40. இணைப்புக் கெப்பாசிட்டருக்கு 47 பிகோஃபாரட் வேண்டிய இடத்தில் அவன் 4.7 வைத்திருந்தான். எண்ணின் நடுவில் இருந்த புள்ளியைப் பூச்சு மறைத்துவிட்டதாகச் சொன்னான். மாற்றியதும் 220 மில்லிவோல்ட். வெளியீடு 9 டெசிபல் ஏறியது. மிக்ஸர் ஒரு சுவிட்ச்போல வேலை செய்யும் பொருள். அரைகுறையாகத் தட்டினால் அரைகுறையாகத்தான் மாற்றும். ரிசீவர் மந்தமாக இருந்தால் நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

இன்னும் 8 டெசிபல் குறை. அதில் 6 என் தவறு. அவசரத்தில் சோதனை ஆசிலேட்டரை 50 ஓம் சுமை வைக்காமல் 0.63 வோல்ட்டுக்குச் சரிசெய்திருந்தேன். சுமை வந்ததும் மின்னழுத்தம் பாதியாகிவிடும். ஆகவே நான் 5 மைக்ரோவோல்ட் என்று நினைத்துக் கொடுத்தது உண்மையில் 2.5. இத்தனை வருடத்துக்குப் பிறகும் இந்தக் குழியில் விழுகிறேன் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கணக்கில் ஓர் 6 டெசிபல் துல்லியமாக உதைத்தால் ஐசியைச் சந்தேகிக்கும்முன் சுமையைச் சந்தேகியுங்கள்.

மீதி 2 டெசிபலைத் தேடிப் போகவில்லை. 99 டெசிபல் என்று நோட்டில் எழுதி அடிக்கோடிட்டேன்.

ஆன்டெனா என்ன சொல்கிறது

இனி இதுவரை எடுத்த எல்லா அளவையும்விட எனக்குப் பிடித்த சோதனை. இதற்கு ஆசிலேட்டரும் வேண்டாம். வால்யூமை முழுதாகத் திருப்பிவிட்டு, ஆன்டெனாவைக் கழற்றி, அந்த இடத்தில் 50 ஓம் ரெசிஸ்டரைச் செருகுங்கள். ஹெட்போனில் கேட்பது ரிசீவரின் சொந்த இரைச்சல். மீட்டரில் 11 மில்லிவோல்ட். இதை 99 டெசிபலால் பின்னோக்கி வகுத்தால் ஆன்டெனா முனையில் 0.13 மைக்ரோவோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. இந்த ரிசீவரால் இரைச்சலிலிருந்து பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய சிக்னலும் ஏறத்தாழ இவ்வளவுதான்.

இரைச்சலைச் சாதாரண மீட்டர் ஏறக்குறைய 1 டெசிபல் குறைத்தே காட்டும். நாம் பார்ப்பது விகிதத்தை என்பதால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இப்போது ரெசிஸ்டரைக் கழற்றி ஆன்டெனாவை மாட்டுங்கள். டயலை நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். எங்கள் மீட்டர் 90 மில்லிவோல்ட்டுக்குத் தாவியது. எட்டு மடங்கு, 18 டெசிபல். இரைச்சலில் பெரும்பங்கு வெளியிலிருந்து வருகிறது: தொலைதூர இடி மின்னல், சுற்றியுள்ள வீடுகளின் மின் சாதனங்கள், வானமே எழுப்பும் ஒலி. 7 மெகாஹெர்ட்ஸில் இந்த வெளி இரைச்சல் எந்த நல்ல ரிசீவரின் சொந்த இரைச்சலையும் மூழ்கடித்துவிடும். எஸ்1 சிக்னல் அதற்கு அடியில் கிடக்கிறது. எத்தனை ஆம்ப்ளிஃபையர் வைத்தாலும் மேலே வராது, ஏனென்றால் இரைச்சலும் அதே அளவு பெருகும்.

அப்படியானால் முன்னால் இருக்கும் பெருக்கத்தில் ஒரு பகுதி வீண். எவ்வளவு வீண்? அட்டெனுவேட்டரை ஆன்டெனாவுக்கும் ரிசீவருக்கும் நடுவே வைத்து 10 டெசிபல் படியைப் போட்டோம். 90 மில்லிவோல்ட் 30-ஆக இறங்கியது. ரெசிஸ்டர் மட்டும் இருந்தபோது வந்த 11-ஐவிட இன்னும் கிட்டத்தட்ட 9 டெசிபல் மேலே. ரிசீவரின் சொந்த இரைச்சல் இப்போது சேர்க்கும் கெடுதல் வெறும் அரை டெசிபல் அளவு, காதுக்குத் தெரியாது. 20 போட்டுப் பார்த்தோம். 14 மில்லிவோல்ட். ரெசிஸ்டருக்கும் ஆன்டெனாவுக்கும் வித்தியாசம் 2 டெசிபல்தான். இங்கே மெல்லிய சிக்னல்களை நிஜமாகவே இழக்கத் தொடங்குகிறோம். ஆகவே 10.

நான் வைத்திருக்கும் வரம்பு இது: ஆன்டெனாவை மாட்டும்போது இரைச்சல் 6 முதல் 10 டெசிபல்வரை ஏறினால் முன்பக்கப் பெருக்கம் சரி. அதற்கு மேலே ஏறினால் அட்டெனுவேட்டர் போடுங்கள். ஏறவே இல்லையென்றால் முன்னால், ரேடியோ அலையையே பெருக்கும் ஒரு ஆர்எஃப் பெருக்கி வையுங்கள், அல்லது மிக்ஸருக்குப் போகும் ஆசிலேட்டரையும் ஆன்டெனா கம்பியையும் பாருங்கள். 28 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே வெளி இரைச்சல் குறைந்துகொண்டே போகும். அங்கே ஆர்எஃப் பெருக்கி தேவைப்படுவது இயல்பு. 7-இல் அதை வைப்பவர்கள் தலைவலியைக் கேட்டு வாங்குகிறார்கள்.

கூடவே ஓடிவந்த பேச்சு

10 டெசிபல் படியைப் போட்டதும் மோர்ஸ் கொஞ்சம் தணிந்தது. எங்கே திருப்பினாலும் ஒட்டிக்கொண்டிருந்த ஒலிபரப்புப் பேச்சோ அடியோடு தேய்ந்துபோனது. தம்பி மகன் சுவிட்சை மேலும் கீழும் நான்கைந்து முறை தட்டிப் பார்த்தான். "மோர்ஸைவிட இது அதிகமாக இறங்குகிறதே, எப்படி?"

7200 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே பலமான ஒலிபரப்பு நிலையங்கள் இருக்கின்றன. அவற்றின் சிக்னல் மிக்ஸரைத் திணறடித்து, அதனுள்ளேயே ஒரு டிடெக்டர்போல் பிரிந்து, நேரே ஆடியோவாக வெளியே வருகிறது. இது சிக்னலின் இருமடியைப் பொறுத்தது. உள்ளே 10 டெசிபல் குறைத்தால் நாம் கேட்க விரும்பும் சிக்னல் 10 இறங்கும். இந்தப் போலி 20 இறங்கும். இரண்டு பலமான நிலையங்கள் மிக்ஸருக்குள் கலந்து புதிதாக உண்டாக்கும் மூன்றாம் படிப் போலிகள் 30 இறங்கும். எனவே கேட்பது உண்மையான சிக்னலா, உள்ளே பிறந்த போலியா என்ற சந்தேகம் வந்தால் 10 டெசிபல் படியைத் தட்டினால் போதும். மீட்டரில் 3 மடங்கு இறங்கினால் உண்மை. 10 மடங்கோ அதற்கு மேலோ இறங்கினால் போலி.

இதை வால்யூமால் செய்ய முடியாது. வால்யூம் மிக்ஸருக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே வரும்போது போலியும் உண்மையும் ஏற்கெனவே ஒரே ஆடியோ. எஸ்ஏ612 பலமான சிக்னலைத் தாங்குவதில் பலவீனமான ஐசி. அதற்கு நான் அதைக் குறை சொல்வதில்லை, மிகக் குறைந்த மின்னோட்டத்தில் ஓடுகிறது. அதற்கேற்ப நாம்தான் முன்னால் வாயை அடக்க வேண்டும்.

சுவிட்சுகளுக்குப் பதிலாக ஆன்டெனா முனையில் 1 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் ஒன்றை வைத்து, நடுக்காலிலிருந்து ஃபில்டருக்கு எடுப்பதும் பழைய வழக்கம். ஒரே குமிழில் வேலை முடிந்துவிடும். ஆனால் குமிழ் நகர நகர ஃபில்டர் காணும் தடையும் மாறி அதன் வடிவம் கோணலாகும். எத்தனை டெசிபல் குறைத்தோம் என்பதும் தெரியாது. கேட்க மட்டும் போதுமென்றால் வையுங்கள். அளக்கவும் வேண்டுமென்றால் சுவிட்ச்.

மீதித் திருத்தங்கள்

முன்னால் 10 குறைத்தபின் முழு வால்யூமில் இரைச்சலே 30 மில்லிவோல்ட். அது காதுக்குத் தேவையானதைவிட அதிகம். எனவே எல்எம்386-இன் 1-ஆவது, 8-ஆவது கால்களுக்கு நடுவில் இருந்த கெப்பாசிட்டரோடு 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்தேன். 200 மடங்கு 50 ஆனது, 12 டெசிபல் குறைவு. கூடவே இன்னொரு தொல்லையும் தீர்ந்தது: வால்யூமை முக்கால்வாசிக்கு மேல் திருப்பினால் மோட்டார் படகு கிளம்புவதுபோல் பட்பட் என்று அடித்துக்கொண்டிருந்தது. எல்எம்386 இழுக்கும் மின்னோட்டம் பேட்டரியை அசைக்கிறது, அந்த அசைவு முன்பெருக்கிக்குள் போய் மீண்டும் பெருகி வருகிறது. ஆடியோவில் பெருக்கம் கூடக்கூட இந்தச் சுற்று எளிதில் பற்றிக்கொள்ளும். பெருக்கத்தைக் குறைத்ததோடு, முன்பெருக்கிக்கும் மிக்ஸருக்கும் போகும் மின்வழியில் 100 ஓம் ரெசிஸ்டரும், தரைக்கு 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வைத்தோம். அந்த 100 ஓமில் விழும் மின்னழுத்தம் சொற்பம். எல்எம்386-இன் வெளியீட்டில் 10 ஓமும் 0.047 மைக்ரோஃபாரடும் தொடராகத் தரைக்கு இருக்க வேண்டும் என்பதும் ஞாபகமிருக்கட்டும். அது இல்லாவிட்டால் காதுக்குக் கேட்காத அதிர்வில் ஐசி சூடாகும்.

அவனுடைய வால்யூம் நேர்கோட்டு வகை. முதல் கால் சுற்றிலேயே சத்தம் முழுவதும் வந்து, மீதி முக்கால் சுற்றில் ஒன்றும் நடக்கவில்லை. மடக்கை வகை வாங்கினால் நல்லது. இல்லாவிட்டால் நடுக்காலிலிருந்து தரைக்கு 1.5 கிலோ ஓம் ஒன்றை வைத்தால் குமிழ் ஓரளவு சீராகத் திரும்பும்.

கடைசியாக, காது. இந்த ரிசீவரில் தானாகப் பெருக்கத்தைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு இல்லை. மெல்லிய சிக்னலைக் கூர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்திலிருந்து பலமான நிலையம் ஒன்று திடீரென்று கிளம்பும். என் இடது காதில் இன்றும் ஒரு மெல்லிய விசில் இருக்கிறது. அப்படி ஓர் இரவில் ஹெட்போனைக் கழற்றத் தாமதித்ததன் மிச்சம் அது. எல்எம்386-இன் வெளியீட்டுக் கெப்பாசிட்டருக்குப் பின் 47 ஓம் தொடராக வைத்து, ஹெட்போனுக்கு இணையாக இரண்டு 1என்4148 டயோடுகளை எதிரெதிர்த் திசையில் போட்டோம். 0.6 வோல்ட்டைத் தாண்டினால் அவை வெட்டிவிடும். அதுவும் பெரிய சத்தம்தான், ஆனால் அதற்கு மேல் போகாது. வேலை முடியும்வரை ஹெட்போனைக் காதில் ஒட்டாமல் கழுத்தில் போட்டுக்கொள்வது என் வழக்கம்.

எல்எம்386-இன் வெளியீடுவரை 99-இலிருந்து 22 குறைந்து இப்போது 77 டெசிபல். மறுநாள் இரவு அவன் இரண்டு மணி நேரம் கேட்டான். ஒலிபரப்பு நிலையங்கள் பலமாக ஏறும் முன்னிரவில் அட்டெனுவேட்டரை 20-க்கு மாற்றி, பின்னிரவில் 10-க்குத் திரும்பினான். எந்த நேரத்துக்கு எந்தப் படி என்று டப்பாவின் மூடியில் பென்சிலால் குறித்துக்கொண்டான். போகும்போது, கடைசியில் சேர்ப்பதற்காக வாங்கி வைத்திருந்த ஆம்ப்ளிஃபையர் ஐசியை என் உதிரிபாகப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனான்.